நான் இடித்த மண்

பூங்கா இடத்தில் புல்கூட முளைக்காது என்று நாற்பது வீட்டுக்காரர்களையும் நம்ப வைத்தவர் நீங்கள். முளைக்காமல் போகும்படி செய்தவரும் நீங்கள்தான்.

படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ‘நீங்கள்’ என்று எழுதுவது எங்கள் லேஅவுட்டின் சங்கச் செயலாளரை. இந்த நிலத்தைத் துண்டு போட்டு எங்களுக்கு விற்றவரும் அவரேதான். பெயர் எழுதமாட்டேன். எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரியும். கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஐம்பத்தேழு வயதில் எனக்குச் செடிப் பைத்தியம் பிடித்த கதையும் கூடவே வருகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம் எங்கள் லேஅவுட்டுக்கு. வரைபடத்தில் கிழக்கு ஓரம் ‘பூங்கா’ என்று பச்சைக் கட்டம் போட்டிருக்கும். நேரில் பார்த்தால் கறுப்பாக ஒரு பொட்டல். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. ஒரு பக்கம் என் வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும். மூன்றாவது பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் விற்காமல் வைத்திருக்கிற ஒரு சோளக்காடு. பத்து வருஷம் அந்தப் பொட்டலைப் பார்த்தபடிதான் பல் விளக்கினேன். ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் பவுண்டரியில் மோல்டர். முப்பத்தோரு வருஷம். மரத்தில் செய்த அச்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, ஈரமணலைக் கொட்டி, இடிகட்டையால் இடித்து இறுக்கி, அச்சை அலுங்காமல் உருவினால் உள்ளே அதன் வடிவத்தில் குழி நிற்கும். அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பம்பு உடம்பு கிடைக்கும். இடி சரியாக விழாவிட்டால் மணல் சரிந்து வார்ப்பு பாழாகிவிடும். என் இடியில் பாழானது குறைவு. தொண்ணூறுகளின் பாதியில் மணலை இறுக்க மிஷின் வந்தது. எனக்குக் கண்ணும் மங்கியிருந்தது. கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பிளையை எந்தப் பொம்பிளைக்கும் பிடிக்காது. பத்தாம் நாள் என் மனைவி ஒரு கறிவேப்பிலைக் கன்றை என் கையில் கொடுத்தாள்.

“பொறத்தால அந்தக் காலி இடத்துல கொண்டுபோய் நட்டுப்போட்டு வாங்க. அதுக்குமா ஆள் கூப்பிடோணும்?”

நட்டேன். எப்படி நட்டேன் என்பதுதான் விஷயம். ஒரு முழம் குழி எடுத்தேன். கன்றை நடுவில் தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக நிறுத்தினேன். தண்ணீர் தெளித்துப் பிசைந்த மண்ணை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு, கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அதன் மொட்டைத் தலையால் சுற்றிலும் இடித்தேன். மறுபடியும் நாலு விரல் மண், மறுபடியும் இடி. மேலே கரணையால் தேய்த்து வழவழப்பாக்கினேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. திருப்தியாகக் கை கழுவினேன்.

ஆறே நாளில் கன்று கருகிவிட்டது. இரண்டாவது கன்று நட்டேன், இன்னும் நன்றாக இடித்து. அதுவும் போயிற்று. மூன்றாவதை நட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து பார்த்தாள். மேல்மண்ணைக் காலால் தட்டினாள். சிமெண்டுத் தரையில் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது.

“ஏனுங்க, செடிய நட்டீங்களா, செலைய நிறுத்துனீங்களா?”

“ஆடக்கூடாதுல்ல.”

“செடின்னா ஆடோணுமுங்க. இந்த இடி இடிச்சா நானே செத்துப்போயிருப்பேன்.”

சுருக்கென்று இருந்தது. அவள் கேலி செய்ததற்காக இல்லை, எனக்குத் தெரிந்த விஷயத்தை நானே மறந்திருந்ததற்காக. மணலை இடித்து முடித்ததும் நாங்கள் மெல்லிய கம்பியால் பெட்டி முழுக்கத் துளை குத்துவோம். இரும்பு ஊற்றும்போது காற்றும் புகையும் வெளியேற வேண்டும். துளை இல்லாவிட்டால் வெடித்து முகத்தில் அடிக்கும். ஒரே ஒரு பெட்டிக்குக்கூட நான் துளை மறந்ததில்லை. உயிர் இல்லாத இரும்புக்கு மூச்சு விட வழி வைத்தவன், உயிர் உள்ள வேருக்கு வைக்கவில்லை.

மூன்றாவது கன்றைப் பிடுங்கி, மண்ணை உதிர்த்து, இடிக்காமல் மறுபடியும் நட்டேன். அதுவும் கருகிவிட்டது. மூன்றும் சாக என் இடி மட்டும்தான் காரணமா? அந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. முப்பத்தோரு வருஷம் என்ன செய்யச் சொன்னார்களோ அதைச் செய்தவன் நான். ஏன் என்று கேட்டதில்லை, கேட்க நேரமும் இருந்ததில்லை.

காலையில் அந்த மண்ணைக் கைநிறைய அள்ளி இறுக்கிப் பிடித்தேன். மோல்டர் எவனும் முதலில் செய்வது அதுதான். பிடித்துத் திறந்து, இரண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு பிஸ்கட் உடைந்ததுபோல் சுத்தமாக இருந்தால் மணல் வேலைக்குத் தயார். இது சுத்தமாக உடைந்தது. என் கைரேகைகூட அதில் பதிந்திருந்தது. பிறகு வேலிக்குக் கீழே கைவிட்டுச் சோளக்காட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிடித்தேன். கட்டியாக நின்றது. ஒரு விரலால் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பவுண்டரியில் எது நல்ல மணலோ அது செடிக்கு ஆகாத மண். அன்று கற்றுக்கொண்டேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பொட்டலில் இருப்பது ஏன் பவுண்டரி மணல்போல உடைகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேறு ஒன்று கண்ணில் பட்டது.

அந்தப் பொட்டலின் ஒரு மூலையில் மட்டும் ஒரு பூசணிக்கொடி ஓடியது. யாரும் நட்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிற குழாய் வழியாக அந்த மூலையில்தான் விழும். வருஷக்கணக்காக விழுந்து அங்கே மட்டும் மண் நிறம் மாறியிருந்தது. சாம்பல் பூத்த பழுப்பு. புளித்த வாசனை.

“ஏனுங்கம்மா, தண்ணில என்ன கலந்து ஊத்தறீங்க?” என்று சுவருக்கு மேலே எட்டிக் கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. கிரைண்டர் கழுவறது, அரிசி களையறது, உளுந்துத் தொலி. ஏனுங், நாத்தம் அடிக்குதுங்களா? செயலாளரு குழாயை அடைக்கச் சொல்லி ரெண்டு தடவ சொல்லியாச்சு.”

“அடைக்காதீங்க. யாராச்சும் கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க.”

“பூசணி காச்சா எனக்கொண்ணு குடுத்துப்போடுங்க அப்ப.”

அந்தக் கொடியின் அருகே முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். ஆண்பூ எது பெண்பூ எது என்று ஐம்பத்தேழு வயதில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெண்பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி முதலிலேயே இருக்கிறது! காய் பூவுக்குப் பிறகு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். கொடி பிடித்து ஏற நீட்டுகிற பற்றுக்கம்பி ஒன்று வேலியைத் தொட்டதைக் காலையில் பார்த்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதற்குக் கண் இல்லை, வேலி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? என் மனைவியிடம் கேட்டேன். “சாப்பிட வாரீங்களா, அங்கயே இலை போடட்டுங்களா?” என்றாள்.

மாவுத் தண்ணீர் விழுந்தால் இந்த மண்ணிலும் முளைக்கும் என்றால், மற்ற இடத்தையும் திருத்தலாம். வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். எருமை கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அஞ்சாறு கூடை மண்ணு வேணுமுங்க. செடி வைக்கறதுக்கு.”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என்ற மண்ணு எதுக்குங்? உங்க மண்ணைப் போய்க் கேளுங்க.”

“எங்க மண்ணுல ஒண்ணும் வரமாட்டேங்குது.”

“உங்க மண்ணு அங்க இருந்தாத்தானுங்க வரும்.” சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “சாணி வேணும்னா அள்ளிக்கங்க. மண்ணு ஒரு பிடி தரமாட்டேன்.”

சாணியை அள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்தப் பேச்சு குடைந்தது. உங்கள் மண் அங்கே இருந்தால்தானே என்றால் என்ன அர்த்தம்? காலுக்குக் கீழே இருப்பது பின்னே என்ன?

மறுநாள் பொட்டலின் நடுவில் தோண்டினேன். ஆள் நிற்கிற அகலத்துக்கு, நாலு நாள். தனியாகத்தான். என் மனைவி இரண்டு தடவை வந்து கிணறா என்று கேட்டாள். இடுப்பு ஆழம் வரைக்கும் ஒரே கறுப்பு மணல். நிறத்தைப் பார்த்து அல்ல, மூக்கில் ஏறிய வாசனையில் தெரிந்தது. நிலக்கரித் தூளும் களிமண்ணும் சேர்ந்து நெருப்பில் வெந்த வாசனை. அந்த வாசனையோடுதான் முப்பத்தோரு வருஷம் வீட்டுக்கு வந்தேன். இரும்பு ஊற்றி முடித்த பெட்டியை உடைத்துக் கொட்டுகிற செத்த மணல் இது. பவுண்டரி வாசலில் மலையாகக் குவியும். லாரி வரும், அள்ளிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அந்த மணலில் ஆணிகள் கிடைத்தன. மணல் சரியாமல் இருக்க மோல்டர்கள் அச்சின் மூலைகளில் ஆணி குத்துவோம். ஆணி நழுவாமல் நிற்க அதன் தலையைக் குறடால் வளைத்துக்கொள்வோம். வலது கைக்காரன் ஒரு பக்கம் வளைப்பான், இடது கைக்காரன் எதிர்ப்பக்கம் வளைப்பான். எங்கள் பவுண்டரியில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான். துரு பிடித்த ஏழு ஆணிகளை வேட்டியில் துடைத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாலு என்னுடையவை.

குழிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கன்றுகளைக் கொன்ற மண் நான் இடித்த மண். நான் பிசைந்து, நான் இடித்து, நெருப்பு வாங்கி, லாரி ஏறி, என் வீட்டுச் சுவருக்குப் பின்னால் வந்து பத்து வருஷமாகக் கிடந்திருக்கிறது. அதைத்தான் மறுபடியும் கடப்பாரையால் இடித்திருக்கிறேன்.

நாலாம் நாள் கறுப்பு மணல் முடிந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக, கெட்டியாகச் சுக்கான் கல். கடப்பாரை தெறித்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மோல்டருக்கு அடுக்கு தெரியும். எந்த மண்ணுக்கு மேல் எந்த மண்ணைப் போட்டோம் என்பதை உடைத்துப் பார்த்தாலே சொல்லிவிடுவோம். பழைய காட்டின் மேல் லாரி மணலைக் கொட்டியிருந்தால் என்ன இருக்க வேண்டும்? மேலே கறுப்பு மணல், அதற்குக் கீழே பழைய காட்டு மண், அதற்கும் கீழே சுக்கான் கல். நடு அடுக்கு இல்லை. வேலிக்குப் போய் அந்தப் பக்கத்து வாய்க்கால் கரையைப் பார்த்தேன். வெட்டின கரையில் அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. மேலே இடுப்பு உயரத்துக்குக் கரிசல், கீழே சுக்கான் கல். எங்கள் பக்கம் எவ்வளவு உயரத்துக்குக் கறுப்பு மணல் இருந்ததோ, அவ்வளவு உயரத்துக்கு அங்கே நல்ல மண். நாற்பதடி தூரத்தில்.

அதாவது, யாரோ கரிசலை வழித்து எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைப் பவுண்டரிக் கழிவால் நிரப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு வீட்டுமனை விற்பதற்கு முன்பு. எங்களுக்கு விற்றவர் யார்?

மறுபடியும் காட்டுக்காரரிடம் போனேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, கண்டதைச் சொன்னேன். எருமைக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

“இப்பத்தான் தோண்டிப் பாத்தீங்களா? ஒரு கோடை பூரா லாரி ஓடுச்சுங். என்ற காட்டு வரப்பையும் சேத்து ஒரு சாண் வழிச்சுப்போட்டாங்க. கேட்டதுக்கு, ஒரு சாணுதானுங்களேன்னாரு உங்க செயலாளரு.”

“எங்க கொண்டுபோனாங்க?”

“அதை அவருகிட்டத்தான் கேக்கோணும்.”

அன்று அவர் எனக்கு ஆறு கூடை மண் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

அந்த மண்ணையும் சாணியையும் வைத்துக் குழி குழியாகத் திருத்த ஆரம்பித்தேன். பொட்டல் முழுவதையும் தூக்க எனக்கு வலுவில்லை. ஒரு குழி தோண்டு, செத்த மணலை வெளியே போடு, சாணி, சருகு, சந்தைக் கழிவு, ஒரு கூடை நல்ல மண், மாவுத் தண்ணீர். பக்கத்து வீட்டு அம்மாவின் குழாயில் ஒரு பழைய டியூபை மாட்டி ஒவ்வொரு குழிக்கும் தண்ணீரைத் திருப்பினேன். முதல் குழியில் அவரை, இரண்டாவதில் நாலாவது கறிவேப்பிலை. கைவிரலால் மட்டும் அமுக்கினேன். கை தானாகவே இடிக்கப் போகும், இழுத்துப் பிடித்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் அவரைக் குழியைக் கிளறினபோது ஒரு மண்புழு நெளிந்தது. சாணியோடு வந்ததா, வேலி தாண்டி வந்ததா? அந்தச் செத்த மணலைக் கடந்து அது வந்திருக்க முடியுமா? மறுநாள் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கறுப்பு மணலைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அரை முழம் வரைக்கும் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே ஈரம். நான் கம்பியால் குத்துகிற துளையை அது உடம்பால் குத்தியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. கூடவே குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

அந்தத் தை மாதம் பொதுக்கூட்டம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு, மைக் வைத்து, நீங்கள் பேசினீர்கள். பூங்கா இடம் வீணாகக் கிடக்கிறது, அங்கே புல்கூட முளைக்காது, கல்யாண மண்டபம் கட்டினால் எல்லோருக்கும் உபயோகம் என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பூங்கா போனால் திரும்பி வராது என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் எழுந்து இரண்டு பேசின்களை மேஜையில் வைத்தேன். ஒன்றில் கறுப்பு மணல், மேலே ஏழு ஆணிகள். ஒன்றில் என் அவரைக் குழி மண். பக்கத்தில் ஒரு பூசணிக்காய்.

“பெரியவரு பூசணிக்காய் வளத்தாப் பூங்கா ஆயிருமாங்க?” என்றீர்கள். சிரிப்பு.

“ஆகாதுங்க,” என்றேன். “இந்தச் செத்த மணல் நான் இடிச்சது. இந்த நாலு ஆணியும் என்னுது. எங்கே போகுதுன்னு கேக்காம முப்பத்தோரு வருஷம் இடிச்சேன், அது என்ற தப்பு, இங்கயே ஒத்துக்கறேன். இது கெடக்கற எடத்துல முன்ன இருந்த கரிசல் எங்கீங்க?”

சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டு அம்மா எழுந்து, “என்ற குழாயை அடைக்கச் சொன்னதும் இதுக்குத்தானுங்களா?” என்றார்.

நீங்கள் கோபப்படவில்லை. அதுதான் உங்கள் திறமை. “பழச எதுக்குங்க கெளறோணும்? டீ ஆறுது, சாப்பிட்டுப்போட்டுப் பேசலாமுங்க,” என்றீர்கள். மைக் ஆஃப் ஆனது. டீ வந்தது. குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மண்டபம் தள்ளிவைக்கப்பட்டது. என் கேள்வியும் அதோடு போயிற்று.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது இருபத்தாறு குழி. கறிவேப்பிலை என் தலைக்கு மேலே போய்விட்டது. முருங்கை, வெண்டை, ஒரு எலுமிச்சை. எலுமிச்சை ஏன் பூத்துப் பூத்து உதிர்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழிகளுக்கு நடுவில் கறுப்பு மணல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மழைக்கும் புழுத்துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது. அடுத்த குழியின் துளையோடு எப்போது சேரும் என்று குச்சி நட்டு அளந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் பொதுக்கூட்ட நோட்டீஸ் வந்தது. மூன்றாவது பொருள்: ‘பயனற்றுக் கிடக்கும் பூங்கா இடத்தில் கல்யாண மண்டபம்.’ பயனற்று என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து உங்களுடையது.

நான் என் பங்கைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் ஒத்துக்கொண்டேன். இப்போது உங்கள் முறை. இந்தத் தடவை டீ வருவதற்கு முன்பு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் எருமை கட்டுகிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: இங்கே இடுப்பு உயரத்துக்கு இருந்த கரிசலை எங்கே கொண்டுபோனீர்கள்?